நான்காவது அடியாள்

ஜனவரி 12

அன்புள்ள டிரைவரம்மாவுக்கு,

ஆளுக்கொரு இருமலைத் தவிர நானும் உன் கொழுந்தனும் இங்கே சௌக்கியம். நீயும் நம் மிளகுக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இன்னும் ஓட்டை வாயோடுதான் சிரிக்கிறாளா?

ஒரு சமாச்சாரம். சிரிக்காமல் படி. உன் புருஷன் சினிமாவில் நடிக்கிறான்.

நாங்கள் மீன் பெட்டி அடுக்குகிற ஐஸ் கிடங்குக்கு எதிரே ஒரு பழைய கட்டடம் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது. எங்களைப் போல வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களையும், அவர்களை ஆட்டிப் படைக்கிற ஒரு கும்பலையும் பற்றிய சண்டைப் படமாம். ஹீரோ வெறும் கையாலேயே முப்பது பேரைச் சாய்ப்பாராம். சாய்வதற்கு ஆள் வேண்டுமே! "கராத்தே தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கிடங்கு வாசலில் வந்து கேட்டார்கள். உன் கொழுந்தன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

சண்டைப் பயிற்சியாளர் என் முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். "நீங்க நாலாவது அடியாள்" என்று சொல்லிவிட்டார். ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கு நான் மாஸ்டர், இங்கே நாலாவது அடியாள்! உன் கொழுந்தனுக்கு அடித்தது யோகம். முதுகுப் பக்கம் பார்த்தால் ஹீரோ மாதிரியே இருக்கிறானாம். ஹீரோ குதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் இவன் குதிக்கிறான். லீவு நாளில் மட்டும்தான் இந்த வேலை. கவலைப்படாதே, எல்லாம் மெத்தை மேல்தான் விழுகிறோம்.

வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருகிறது. நாங்கள் குடியிருக்கிற கட்டடத்துக்காரர்களின் ஆள் ஒருவரும் வந்தார். பத்தடி தள்ளி நின்றாலும் மூக்கைத் துளைக்கும், அதனால் அவரைச் சென்ட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். முதுகில் தட்டி, "இவ்வளவு அழகா அடிக்கிற ஆளு மீன் பெட்டி தூக்கலாமா? எங்ககிட்ட வந்துடுங்க" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். அதை விடு.

வேனுக்குப் பிரேக் பார்த்தாயா? மிளகின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம். ஓரவஞ்சனை வேண்டாம்.

உன்,
மாஸ்டர்


பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய நாலாவது அடியாள் அவர்களுக்கு,

வணக்கம் வைக்கவே பயமாக இருக்கிறது. நாங்கள் சுகம். மிளகுக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. அதைக் காட்டுவதற்காகவே வழியில் போகிறவர்களைப் பார்த்தெல்லாம் சிரிக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா ஏம்மா அடி வாங்கணும்? அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள். அதெல்லாம் சும்மா கண்ணு என்றேன். "சும்மாவும் தோக்கக் கூடாதுன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

பிரேக் பார்த்தாயிற்று. உங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் என் வேனில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். பின் சீட்டில் தினமும் ஒரு குத்துச்சண்டை. "மாஸ்டர் எப்ப வருவாரு ஆன்ட்டி?" என்று கேட்கிறார்கள். நீங்கள் சினிமா நடிகர் ஆகிவிட்டதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேன் தாங்காது.

நீங்கள் "அதை விடு" என்று எழுதியதை மட்டும் என்னால் விட முடியவில்லை. உங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றீர்களே, அந்த ஆட்கள்தானே இவர்கள்? அவர்களிடம் சிரித்து மழுப்புவது எத்தனை நாளைக்கு நடக்கும்? என்ன நடந்தாலும் எனக்கு எழுதுங்கள். போனில் பேசினால் "கேக்குதா, கேக்குதா"விலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

சூடாகச் சாப்பிடுங்கள். தம்பியை ரொம்பக் குதிக்கவிடாதீர்கள்.

உங்கள்,
டிரைவரம்மா


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் மிளகுக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். அண்ணனும் நலம்தான்.

அண்ணன் எழுதவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். ஷூட்டிங்கில் வலது கை லேசாகச் சுளுக்கிக்கொண்டது. பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் என்னை எழுதச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை. படம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் நான் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குத் தாவினேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஹீரோ நல்ல மனுஷன், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இங்கே குளிர் குறைந்திருக்கிறது.

அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகக் கால் வலிகூடக் குறைவுதான். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குழந்தைக்கு அவருடைய முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி


மார்ச் 28

தம்பி,

நாங்கள் நலம். உனக்குப் பொய் சொல்ல வராது என்பது இந்த வீட்டுக்கு நான் வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும். அப்போது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நன்றாக எழுதினேன் என்று சொல்லும்போதே காது சிவந்துவிடும்.

மேலே கை சுளுக்கு என்கிறாய். கீழே கால் வலி குறைவு என்கிறாய். எந்தக் கால்? என்ன வலி? "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று எழுதுகிறாயே, உங்கள் அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிற ஆளா? அவர் சொல்லி நீ எழுதியிருந்தால் அதில் ஒரு கேலியாவது இருந்திருக்குமே. மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா? அதை முதல் வரியில் எழுது. மற்றதைப் பிறகு எழுது.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உயிரோடு இருக்கிறார். சத்தியமாக இருக்கிறார். இன்று காலைகூட என்னைத் திட்டினார்.

இனி மறைக்க மாட்டேன். அந்தச் சென்ட்டுக்காரர் மூன்று தடவை வந்து அண்ணனைக் கூப்பிட்டார். கூப்பிட்டது அடியாள் வேலைக்கு, அண்ணி. சினிமாவில் செய்வதை நிஜத்தில் செய்ய வேண்டும். முரண்டு பிடிக்கிறவர்களை மிரட்ட வேண்டும். அண்ணன் மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்த கைங்க இது. உங்களுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் அறையில் ஒரு வெல்டர் இருந்தார். அவருடைய அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முகம் பார்க்கப் போக வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. அவர் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார். இங்கே யாரும் அதுவரை செய்யாத காரியம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவரைத் தேடி ஐந்து பேர் வந்தார்கள். சென்ட்டுக்காரர் கீழே வாசலில் நின்றுகொண்டார். எங்கள் அறை மூன்றாம் மாடி. படிக்கட்டு ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத அகலம். அண்ணன் எட்டிப் பார்த்தார். "நீ இவரைக் கூட்டிக்கிட்டு மொட்டை மாடி வழியா அந்தப் பக்கக் கட்டடத்துக்குத் தாவிடு. உனக்குத்தான் தாவ வருமே" என்றார். "நீங்க?" என்றேன். "நான் பின்னாடியே வரேன்" என்றார். வரவில்லை.

முதலில் வந்த இரண்டு பேரை உருட்டிவிட்டாராம். மூன்றாவது ஆள் இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்தான். அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் அடிக்கவில்லை, அண்ணி. கைப்பிடிக் கம்பிகளுக்குள் இரண்டு கையையும் விட்டுக் கோத்துக்கொண்டு படிக்கட்டைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டார். அவர்களால் பிய்த்து எடுக்க முடியவில்லை. தாண்டவும் முடியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார்கள். எதிர் டீக்கடைக்காரர் கூப்பிட்டுப் போலீஸ் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அதனால்தான் வெல்டர் இன்று உயிரோடு இருக்கிறார்.

முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு விலா எலும்பும் ஒரு மணிக்கட்டும் முறிந்திருக்கின்றன. நடப்பார் என்கிறார்கள். காலைத் தூக்கி உதைப்பதெல்லாம் இனிமேல் இல்லை. சாட்சி என்பதால் போலீஸ் அவரைத் தனி இடத்தில் வைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை என்னிடம் அனுப்பினால் அவரிடம் சேர்ப்பேன். கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று கேட்டார்கள். "ஊர்ல எனக்கு ரெண்டு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் எழுதியது தெரிந்தால் கொன்றுவிடுவார். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி


மே 4

என் மாஸ்டருக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தம்பியைத் திட்டாதீர்கள். நான்தான் கிடுக்கிப்பிடி போட்டேன்.

அவன் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் பள்ளிக்குள் போய்விட்டார்கள். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காவலாளி வந்து தட்டி, "வண்டி ரிப்பேராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மிளகிடம், அப்பாவுக்குக் காலில் அடி என்று மட்டும் சொன்னேன். "ஜெயிச்சாரா?" என்றாள். ஜெயித்தார் என்றேன். "அப்ப சரி" என்று விளையாடப் போய்விட்டாள். நீங்கள் விட்டுவிட்டு ஓடியிருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. ஓடாமல் நின்றவரைத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்னொரு மனசு சொல்கிறது. இரண்டும் மாறி மாறிச் சண்டை போடுவதில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாட்சி சொல்வது உங்கள் இஷ்டம் என்று பெரிய மனுஷி மாதிரி எழுத மாட்டேன். என் இஷ்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லுங்கள். அந்த அறையில் இன்னும் எத்தனை வெல்டர்கள் இருக்கிறார்களோ.

முழங்காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களவள்


மே 26

அன்புள்ளவளுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மணிக்கட்டைத் திட்டு, என்னைத் திட்டாதே. இது கட்டுப் பிரித்த பிறகு எழுதுகிற முதல் கடிதம். வலி பொறுக்கும்படி இருக்கிறது. சன்னல் வழியாக ஒரு மரமும் ஒரு சுவரும் தெரிகின்றன. அவ்வளவுதான் ஊர்.

தம்பி உனக்கு என்னை வீரனாக்கி எழுதியிருப்பான். அப்படியில்லை. எனக்குப் பயத்தில் பல் கிட்டியிருந்தது. முழங்கால் போனதும், எல்லாம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது. கம்பியை நான் பிடித்ததே விழாமல் இருக்கத்தான். அப்புறம் விட முடியவில்லை. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருந்தேனாம், டீக்கடைக்காரர் சொன்னார். இதை மிளகிடம் சொல்லிவிடாதே.

காலை மடக்க முடியவில்லை. வகுப்பு எடுக்க முடியாது. ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு உட்காருகிற ஒருவனை மாஸ்டர் என்று யார் கூப்பிடுவார்கள்? உனக்கும் பாரம். இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

சாட்சி விஷயம். இவர்களுக்கு நம் ஊரிலும் ஆள் உண்டு. எங்களை அனுப்பி வைத்ததே அவர்கள்தானே. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அங்கே யாராவது வந்தார்களா? உன்னிடமோ குழந்தையிடமோ யாராவது பேசினார்களா? ஒரு சின்னச் சந்தேகம் இருந்தால்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன். ஊரும் நியாயமும் எனக்கு அப்புறம்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மாஸ்டர்


ஜூன் 15

என் மாஸ்டருக்கு,

கோணல் எழுத்தானாலும் உங்கள் எழுத்து. மிளகு அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

இங்கே யாரும் வரவில்லை. யாரும் பேசவில்லை. மழைக்கு மேல்தளம் ஒழுகுகிறது, அதனால் கொஞ்ச நாளைக்கு என் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மிளகு இங்கே மாமன் மகனை அடித்து நொறுக்குகிறாள். உங்கள் ரத்தம்.

பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் பைகளையும் தினம் சுமக்கிறவள் நான். ஒரு நீட்டின காலுக்கு என் வண்டியில் இடமில்லாமலா போய்விடும்?

போய்ச் சொல்லுங்கள். நிம்மதியாகச் சொல்லுங்கள்.

உங்களவள்


ஜூன் 15

தம்பி,

இது உனக்கு மட்டும். அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது.

போன மாதக் கடைசியில் ஒருவன் பைக்கில் வந்தான். பள்ளி வாசல், சாயங்காலம், பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சலவைச் சட்டை, சிரித்த முகம். "மாஸ்டர் வீட்டம்மாதானே? பாப்பா எத்தனாவது படிக்கிறா?" என்றான். நான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டே இருந்தேன். "சார் அங்க வாயைத் திறக்க வேணாம்னு எழுதுங்க. எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் இருந்த மிளகின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான்.

டிரைவர் புத்தி எங்கே போகும்? முகத்தைப் பார்க்கும் முன்பே பைக் நம்பரைப் பார்த்துவிட்டேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் காவல் நிலையம் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். உட்காரவைத்துக் கேட்டார், எழுதி வாங்கிக்கொண்டார். அன்றைக்கே என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மற்ற வேன் டிரைவர்கள் மூன்று பேர் முறை வைத்து என் வண்டிக்கு முன்னும் பின்னும் வருகிறார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி போகிறேன்.

பயமில்லையா என்று கேட்காதே. ராத்திரி அவள் மூச்சு விடுகிறாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் இன்று அவர் வாயை மூடினால் அந்த ஆள் நாளைக்கும் வருவான். எப்போதும் வருவான், எதைக் கேட்டாலும் நாம் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் கையை எடுக்காமல் அந்தப் படியில் இருந்தாரே, அதெல்லாம் எதற்கு?

இது தெரிந்தால் அவர் சாட்சி சொல்ல மாட்டார். தெரிய வேண்டாம்.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? தயவுசெய்து நிஜமான பதில் எழுதுங்கள். அண்ணன், "உங்க அண்ணிகிட்ட எதையும் சொல்லாதே" என்றார். நீங்கள், அண்ணனிடம் சொல்லாதே என்கிறீர்கள். நடுவில் நான் மத்தளம். காது சிவந்தே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன்.

நீங்கள் எழுதியதை அவரிடம் சொல்லவில்லை. வருகிற மாதம் கோர்ட்டுக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டார்.

போலீஸ் அனுமதியோடு சினிமாக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் படிக்கட்டுச் சண்டையை அப்படியே படத்தில் வைக்கப் போகிறார்களாம். ஹீரோ ஐந்து பேரையும் மூன்று மாடியும் துரத்தித் துரத்தி அடிப்பாராம். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கு சார். ஆனா அஞ்சு பேரையும் அடிச்சுப் போடத் தெரிஞ்சவனுக்கு அங்க நிக்க தைரியம் எதுக்கு? அடிக்க முடியாம போனப்புறமும் உக்காந்திருந்தான்னு எடுங்க" என்றார். பயிற்சியாளர் கட்டிலருகே வந்தார். பிறகு அண்ணனைக் கட்டிக்கொண்டார். எப்படி எடுப்பார்களோ தெரியாது.

பத்திரமாக இருங்கள். மிளகுக்கு என் அன்பு.

உங்கள் தம்பி


செப்டம்பர் 1

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலம் என்றுதானே எழுதுவாய்.

சாட்சி சொல்லிவிட்டேன். ஊன்றுகோலோடு உள்ளே போனேன். இங்கே எல்லோரும் பெரியவர் என்று சொல்லி நடுங்குகிற அந்தக் கட்டடச் சொந்தக்காரர், சென்ட்டுக்காரரின் முதலாளி, அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான மனுஷர். பக்கத்தில் சென்ட்டுக்காரர். அன்றைக்கு அவரிடம் வாசனையே இல்லை.

அவர்கள் வக்கீல் எழுந்தார். நான் சினிமாவில் ரவுடியாக நடிக்கிறவன், அடிபட்ட மாதிரி நடிப்பதுதான் என் தொழில் என்றார். எனக்காக மொழிபெயர்த்த அம்மாவுக்கே அதைச் சொல்ல வாய் கூசியது. நான் சொன்னேன்: "நடிப்புன்னா டைரக்டர் கட் சொன்னதும் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுவோம் ஐயா. அன்னிக்கு யாரும் கட் சொல்லல." அந்த அம்மா மொழிபெயர்த்து முடித்ததும் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் வெல்டரும் வந்து சொன்னார். அவருக்குப் பின்னால் கிடங்கிலிருந்து இன்னும் ஏழு பேர் சொன்னார்கள். பெரியவருக்கும் சென்ட்டுக்காரருக்கும் நீண்ட தண்டனை. ஒரு மூட்டை பாஸ்போர்ட்டை எடுத்து வந்து பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆண்பிள்ளைகள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும், மொழிபெயர்க்கிற அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலீஸ் அதிகாரி கை கொடுத்தார். "உங்க மனைவி குடுத்த பைக் நம்பரை வெச்சுத்தான் உங்க ஊர்ல அந்த ஆளையும் அவன் கூட்டாளிங்களையும் பிடிச்சாங்க. ஜூன்லயே புகார் குடுத்திருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

கோர்ட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தம்பியைப் பார்த்தேன். அவன் காதைப் பார்த்தாலே தெரிந்தது, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கேட்டு வாங்கின பதிலில் பொய் எழுதியிருக்கிறாய். "நிம்மதியாகச் சொல்லுங்கள்" என்று எழுதின கையை என்ன செய்வது? மிளகின் கன்னத்தை ஒருவன் தொட்டிருக்கிறான், நான் இங்கே மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். நீ சொல்லியிருந்தால் நான் சாட்சி சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தாலும் கோபம் ஆறவில்லை.

அடுத்த மாதம் நானும் தம்பியும் புறப்படுகிறோம். வந்ததும் உன்னோடு ஒரு வாரம் பேச மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

மாஸ்டர்


செப்டம்பர் 20

என் மாஸ்டருக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டேன். தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் வேன் நிறைய வந்து சாமான்களை இறக்கி வைத்தார்கள். மாஸ்டருக்குக் கால் மடங்காது என்று சொன்னேன். "வாய் நல்லாருக்குல்ல ஆன்ட்டி? உக்காந்துக்கிட்டே திட்டினா போதும்" என்றான் ஒருவன். வகுப்புக்கு நாள் குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்களைக் கேட்கவில்லை.

பொய் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். எழுதிய அன்று அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்ப எடுக்க முடியுமா என்று அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு வாரம் பேச மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. எதிரில் உட்கார்ந்து பேசாமல் இருங்கள். எனக்கு அது போதும்.

உங்களவள்